ஐந்து நட்சத்திர குவார்ட்டர்பேக் முதல் வருஷமே என்ன செய்வான்?

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அவரைப் பற்றிய கேள்வி இது: "நாட்டிலேயே முதலிடம் பிடித்த ஹைஸ்கூல் குவார்ட்டர்பேக் எங்கள் காலேஜுக்கு வந்திருக்கிறான். போன சீசனில் எட்டு ஆட்டம் ஜெயித்தோம். இவன் வந்ததால் இந்த வருஷம் பிளேஆஃப் எதிர்பார்க்கலாமா? முதல் ஆட்டத்திலேயே இறக்க வேண்டுமா, ஒரு வருஷம் உட்கார வைப்பதா?"

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றான பிளேஆஃபுக்கு இவன் ஒருவன் போதாது. இறக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இவனிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி இவனுக்கு முன்னால் குனிந்து நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து ஆஃபென்சிவ் லைன்மேன்களிடம் இருக்கிறது.

நட்சத்திரக் கணக்கையே பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். ஹைஸ்கூல் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் 247ஸ்போர்ட்ஸ் தளம் வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கும். தொழில்முறை லீகான என்எஃப்எல் காலேஜ் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம் என்பதால் வந்த எண்ணிக்கை அது. பையன் மூன்று நான்கு வருஷம் கழித்து முதல் சுற்றில் போவானா என்பதுதான் அங்கே கணிக்கப்படுகிறது. வரும் செப்டம்பரில் எப்படி ஆடுவான் என்று அந்தத் தளம் சொல்லவே இல்லை. நாமாகச் சேர்த்துக்கொள்வது அது.

மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவர் மீது இருந்த எதிர்பார்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. அந்த சீசனில் 256 பாஸ் எறிந்து 135 சேர்ந்தது. டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) 7, இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்) 13. அன்றைக்கு அவரைத் திட்டாத ஆளில்லை. அதே ஸ்டாஃபோர்ட் 2009 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். கணித்தவர்கள் சரியாகத்தான் கணித்திருந்தார்கள், படித்தவர்கள்தான் மூன்று வருஷம் முந்திக்கொண்டார்கள்.

ஒப்பிடும்போது இன்னொரு குழப்பமும் வரும். "ஜானி மேன்ஸல் ஃப்ரெஷ்மனாகவே (முதல் வருஷ ஆட்டக்காரராகவே) ஹெய்ஸ்மன் (சீசனின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் விருது) வாங்கினாரே, ஜேமிஸ் வின்ஸ்டன் 40 டச்டவுன் பாஸ் போட்டாரே" என்பார்கள். 2012-ல் மேன்ஸலும் 2013-ல் வின்ஸ்டனும் ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மன். ஒரு வருஷம் முழுக்க காலேஜ் பிராக்டிஸில் இருந்துவிட்டு, இரண்டாம் வருஷம் களமிறங்கியவர்கள். நேராக ஹைஸ்கூலிலிருந்து வந்து ஆடும் ட்ரூ ஃப்ரெஷ்மன் எவரும் இதுவரை ஹெய்ஸ்மன் வாங்கியதில்லை. தொடக்க குவார்ட்டர்பேக்காக அணியைத் தேசிய சாம்பியனாக்கிய ட்ரூ ஃப்ரெஷ்மன் என்று பார்த்தால் 1985-ல் ஓக்லஹோமாவின் ஜமெல் ஹாலிவே, அப்புறம் 2018-ல் கிளெம்சனின் டிரெவர் லாரன்ஸ். இடையில் 33 வருஷம். ஹாலிவே ஆடியதும் விஷ்போன், அதாவது பெரும்பாலும் ஓட்டம். டிராய் ஐக்மன் கணுக்கால் முறிந்து வெளியேறியதால் கிடைத்த இடம் அது.

அப்படியென்ன கஷ்டம் என்றால், ஒரே ஒரு ஸ்னாப்பை, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒரு முயற்சியை, கிட்டே போய்ப் பார்ப்போம்.

மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), எட்டு யார்டு பாக்கி, வெளியூர் மைதானம். முந்தைய முயற்சி முடிந்ததுமே 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஹெல்மெட்டுக்குள், தாக்குதலைத் திட்டமிடும் கோச்சான கோ-ஆர்டினேட்டரின் குரல் வருகிறது: எந்த ஃபார்மேஷன் (யார் எங்கே நிற்பது), யார் மோஷனில் போவது (ஸ்னாப்புக்கு முன் இடம் மாறுவது), புரொடக்‌ஷன் (யார் யாரைத் தடுப்பது) எது, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் எந்த ரூட்டில் ஓடுவது என்று ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு சொல். ஹைஸ்கூலில் ஓரத்திலிருந்து அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று இருந்த பையன் இதைக் கேட்டு, மற்றவர்களுக்குப் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கடிகாரம் 15-ஐத் தொட்டதும் ரேடியோ துண்டிக்கப்படும். 2024-ல் ஹெல்மெட் ரேடியோவை அனுமதித்தபோதே இந்த விதியும் சேர்ந்து வந்தது. இனி அவன் தனி.

எதிரே பின்வரிசைக் காவலர்களான இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்கிறார்கள். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் யார் என்று, பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் கை காட்டுகிறார். குவார்ட்டர்பேக் அதை ஏற்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். தடுக்க ஐந்து லைன்மேன், பந்தோடு ஓடும் ஒரு ரன்னிங் பேக், ஆக ஆறு பேர். எதிரே ஏழு பேர் பாய்கிற மாதிரி நின்றால் ஒருவன் மிச்சம். அந்த ஒருவனைத் தடுக்க யாரும் இல்லை. அவன் வந்து சேருமுன் பந்தை எறிவது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. கடிகாரத்தில் ஆறு விநாடி. கூட்டத்தின் இரைச்சலில் குரல் எடுபடாது, காலைத் தூக்கிச் சைகை கொடுக்கிறான்.

பந்து கைக்கு வந்த கணத்தில் படமே மாறுகிறது. இடது சேஃப்டி சரசரவென்று நடுவுக்கு இறங்குகிறார், வலது சேஃப்டி நடு ஆழத்துக்கு நகர்கிறார். உள்பக்கம் நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு எதிரே நின்ற காவலரான நிக்கல் பேக் அவரை விட்டுவிட்டு நேராக இவன் மேல் பாய்கிறார். லைன் எதிர்ப்பக்கம் சரிந்துவிட்டது. கையில் இருப்பது சுமார் இரண்டரை விநாடி.

அனுபவஸ்தன் என்ன செய்வான்? நிக்கல் காலி செய்த இடத்தில் ஸ்லாட்டுக்குச் சட்டென்று ஐந்து யார்டு பாஸ். முதல் டவுன் கிடைக்காது. பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க விட்டுவிட்டு ஓரத்துக்கு வருவான், யாரும் கைதட்டமாட்டார்கள். புதுப் பையன் ஸ்னாப்புக்கு முன்பே மனதில் ஒரு ரிசீவரை முடிவு செய்து வைத்திருப்பான். நடுவில் குறுக்கே வெட்டி வரும் அந்த ரிசீவர் காலியாகத்தான் தெரிவார். எறிவான். நடுவுக்கு இறங்கிய சேஃப்டி அங்கேதான் காத்திருக்கிறார்.

ஃப்ரெஷ்மன் இன்டர்செப்ஷன் என்றால் பல நேரம் இதே கதைதான். கை பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹைஸ்கூலில் இப்படி நிலை மாற்றி மாறுவேஷம் போட எதிரணிக்கு நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது. அப்படியே தவறாகப் படித்தாலும் ஓடித் தப்பிக்கலாம், மைதானத்திலேயே வேகமானவன் இவன்தானே. இங்கே துரத்துகிற டிஃபென்சிவ் எண்ட் 120 கிலோ இருந்துகொண்டு இவன் வேகத்துக்கு ஓடிவருவான்.

இந்த வேஷம் போடும் கலையில் கோச் பிரென்ட் வெனபிள்ஸ் பெரிய கை. 2025 செப்டம்பர் 6 அன்று, அந்த வருஷம் காலேஜுக்கு வந்தவர்களில் முதல் நம்பர் ஆட்டக்காரரான மிச்சிகனின் பிரைஸ் அண்டர்வுட் அவருடைய ஓக்லஹோமா அணியைச் சந்தித்தார். முந்தைய வாரம் நியூ மெக்ஸிகோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 31-க்கு 21 (எறிந்த 31 பாஸில் 21 சேர்ந்தது), 251 யார்டு. ஓக்லஹோமாவின் சொந்த ஊரான நார்மனில் 24-க்கு 9, 142 யார்டு. மிச்சிகன் 24-13 என்று தோற்றது. ஏழு நாளில் பையன் மாறிவிடவில்லை, எதிரே நின்றவர்கள் மாறினார்கள். அந்த ஆட்டத்தில் அவர் இன்டர்செப்ஷன் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்கடுத்த வாரம் சென்ட்ரல் மிச்சிகனுக்கு எதிராக அவரையே ஓடவிட்டார்கள். 100 யார்டுக்கு மேல் ஓடினார். முதல் இரண்டு ஆட்டங்களில் அந்தக் கால்களை ஏன் பூட்டி வைத்தார்கள் என்பது கோச்சிங் கூட்டத்தைக் கேட்க வேண்டிய கேள்வி.

கால்களை நம்பி முழு சீசனையும் ஓட்டிய உதாரணம் 2016 அலபாமா. ஜேலன் ஹர்ட்ஸ் ட்ரூ ஃப்ரெஷ்மன். 954 யார்டு ஓடினார், 23 டச்டவுன் பாஸ், எஸ்இசி கான்ஃபரன்ஸின் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த ஒரு பிரிவு) சிறந்த ஆஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது. இறுதிப் போட்டியில் கிளெம்சன் எதிரே வந்தது. டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டர் யார் என்றால், அதே வெனபிள்ஸ். ஹர்ட்ஸ் 31-க்கு 13, 131 யார்டு. இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சமிருந்தபோது 30 யார்டு ஓடி டச்டவுன் போட்டு அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் எறிந்து ஜெயிக்க வேண்டிய இரவில் எறிய முடியவில்லை. 35-31 தோல்வி.

ஒரு வருஷம் கழித்து, 2018 ஜனவரி 8-ல், அதே அலபாமா ஜார்ஜியாவிடம் 13-0 பின்தங்கியிருந்தபோது ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு இன்னொரு ட்ரூ ஃப்ரெஷ்மன் டுவா டாங்கோவைலோவாவை இறக்கினார்கள். ஓவர்டைமில் அவருடைய முதல் ஸ்னாப்பைப் பாருங்கள். பந்தை வெளியே எறிந்து தொலைக்காமல் பின்னால் ஓடிக்கொண்டே போய் 16 யார்டு இழந்து சாக் ஆனார், அதாவது எறியுமுன் பிடிபட்டு வீழ்த்தப்பட்டார். இதைவிடப் பச்சையான ஃப்ரெஷ்மன் தவறு இருக்க முடியாது. அடுத்த ஸ்னாப், இரண்டாவது டவுன், 26 யார்டு பாக்கி. நடு சேஃப்டியைக் கண்ணாலேயே ஒரு பக்கம் பிடித்து வைத்துவிட்டு, இடது ஓரத்தில் டெவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு. டச்டவுன், 26-23, சாம்பியன். உங்கள் பையனிடமும் இந்த இரண்டு ஸ்னாப்பும் அடுத்தடுத்து வரும். முதலாவதைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள்.

சரி, இறக்கலாமா? நான் பார்க்கும் விஷயங்கள் சில உண்டு.

பையன் எப்போது வந்தான் என்பது முதலாவது. ஹைஸ்கூலை டிசம்பரிலேயே முடித்து ஜனவரியில் சேர்ந்திருந்தால் 15 ஸ்பிரிங் பிராக்டிஸ் கிடைத்திருக்கும். புரொடக்‌ஷன் பெயர்களெல்லாம் வாயில் பழகியிருக்கும். ஜூனில் வந்திருந்தால் ஆகஸ்ட் கேம்ப் மட்டும்தான், அது போதாது.

அடுத்தது லைன். இதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருஷத்து ஐந்து பேரில் மூன்று பேராவது திரும்பியிருக்கிறார்களா? குறிப்பாக சென்டரும் இடது ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளும்? அனுபவமுள்ள சென்டர் இருந்தால் மேலே சொன்ன அந்த 15 விநாடியில் பாதி வேலையை அவரே செய்துவிடுவார். 2007-ல் நோட்ர டேம் லைன் 58 சாக் கொடுத்தது. அந்த வருஷம் ஜிம்மி கிளாசன் என்ற ஃப்ரெஷ்மன் மீது வைத்த நம்பிக்கையெல்லாம் 3-9 என்று (3 வெற்றி, 9 தோல்வி) முடிந்தது. அடிபடும் பையன் அடுத்து கற்றுக்கொள்வது தவறான பாடம்: கண்ணை மைதானத்திலிருந்து எடுத்து பாய்கிறவர்களைப் பார்க்க ஆரம்பிப்பான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம்.

கோ-ஆர்டினேட்டர் தங்குவாரா என்பதையும் பார்க்க வேண்டும். பென் ஸ்டேட்டில் கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க் 2013-ல் ஃப்ரெஷ்மனாக 20 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன் என்று அழகாகத் தொடங்கினார். ஆஃபென்ஸையும் தானே நடத்திய தலைமைக் கோச் பில் ஓ'பிரையன் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார், லைனும் கரைந்தது. அடுத்த வருஷம் 12 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். முதல் வருஷத்தில் பார்த்த ஹேக்கன்பெர்க் பிறகு திரும்பவே இல்லை.

ரன்னிங் பேக், டிஃபென்ஸ் இரண்டும் தாங்கினால் பாரம் குறையும். லாரன்ஸ் 2018-ல் 3,280 யார்டு, 30 டச்டவுன், வெறும் 4 இன்டர்செப்ஷன் என்று ஆடி, இறுதியில் அலபாமாவை 44-16 என்று நொறுக்கியது உண்மை. பக்கத்திலேயே டிராவிஸ் எட்டியன் 1,658 யார்டு ஓடியதும், அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றில் போன மூன்று டிஃபென்சிவ் லைன்மேன்கள் அந்த அணியில் இருந்ததும் அதே அளவு உண்மை. அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு "எங்களுக்கும் லாரன்ஸ் வந்துவிட்டான்" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இவற்றில் பெரும்பகுதி சாதகமாக இருந்தால் முதல் நாளே இறக்குங்கள். லைன் புதிது என்றால் மூத்தவரைத் தொடங்கவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் பையனுக்கு முன்கூட்டியே இத்தனையாவது சீரிஸ் (பந்து அணியிடம் இருக்கும் ஒரு முறை) என்று எழுதி வைத்துக் கொடுப்பது என் விருப்பம். 2018-ல் கிளெம்சன் முதல் நான்கு ஆட்டம் கெல்லி பிரையன்ட்டைத் தொடங்கவைத்து லாரன்ஸை இடையில் இறக்கியது இப்படித்தான். ஸ்கோரைப் பார்த்து மாற்றுவது மட்டும் கூடாது. ஒரு தவறு செய்தால் வெளியே என்று தெரிந்த பையன் எறியவே பயப்படுவான்.

இறக்கிவிட்டால் ஆட்டத் திட்டங்களின் தொகுப்பான பிளேபுக்கை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதில் கோச்சின் தரம் தெரியும். தடுப்பாளர்கள் சூழ்ந்து காக்கும் பாக்கெட்டை ஒரு பக்கம் நகர்த்தி மைதானத்தைப் பாதியாக்கிக் கொடுப்பது, ஓட்டம்போல் ஏமாற்றி எறியும் பிளே-ஆக்‌ஷன், ஓடவிடுவதா எறிவதா என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் ஆர்பிஓ, திட்டமிட்ட ஓட்டம் ஆட்டத்துக்கு ஆறேழு. இவை நல்ல சுருக்கம். தடுப்பாளர்களுக்குப் பின்னால் குட்டையாக எறியும் ஸ்க்ரீன் பாஸாகவே போட்டுக்கொண்டிருந்தால் நான்காவது ஆட்டத்துக்குள் எதிரணி ஃபிலிமில் அதைக் கண்டுபிடித்து, பத்து யார்டுக்குள் எட்டுப் பேரை நிறுத்திவிடும். 1994-ல் டென்னஸியில் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் அடிபட்டதால் பெய்டன் மேனிங் இடம் பிடித்தார். தொடங்கிய எட்டில் ஏழு ஜெயித்தார். அந்த சீசன் முழுக்க அவர் எறிந்தது 144 பாஸ்தான். மேனிங்குக்கே அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

சீசன் ஓடும்போது எந்த எண்ணைப் பார்ப்பது? வெற்றி தோல்வியை விடுங்கள். ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள்: முதல் வருஷத்தில் ஸ்டாஃபோர்ட் 6.8, ஹர்ட்ஸ் 7.3, லாரன்ஸ் 8.3. ஏழைத் தாண்டினால் திருப்தி. நூறு பாஸுக்கு எத்தனை இன்டர்செப்ஷன் என்பது அடுத்தது: ஸ்டாஃபோர்ட் 5, ஹர்ட்ஸ் இரண்டே சொச்சம், லாரன்ஸ் 1. மூன்றுக்குள் இருந்தால் பையன் படிக்கக் கற்றுக்கொள்கிறான் என்று அர்த்தம். ஓட்டக் கணக்கில் ஒரு பொறி உண்டு. காலேஜ் புள்ளிவிவரத்தில் சாக்கில் இழந்த யார்டை ஓடிய யார்டிலிருந்து கழித்துவிடுவார்கள். "12 ஓட்டம், 23 யார்டு" என்று வந்தால் அவன் 60 ஓடி, சாக்கில் 37 இழந்திருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து "ஓடவே தெரியவில்லை" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள்.

உட்கார வைக்கும் வழியும் இருக்கிறது. 2018-ல் வந்த விதிப்படி நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் போகாது. ஐந்து வருஷத்தில் நான்கு சீசன் என்ற கணக்கு அப்படியே நிற்கும். ஆர்ச் மேனிங்கை டெக்சஸ் அப்படித்தான் வளர்த்தது. 2023-ல் வந்தவர் முழுநேரத் தொடக்க ஆட்டக்காரர் ஆனது 2025-ல். அத்தனை பொறுமைக்குப் பிறகும் முதல் ஆட்டம் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 தோல்வி, 30-க்கு 17. காத்திருப்பது உதவும், முதல் பெரிய வெளியூர் ஆட்டத்தின் அடியை அது தள்ளிப்போடும், நீக்காது.

காத்திருக்கப் பையன் சம்மதிப்பானா என்பது வேறு விஷயம். க்வின் யூவர்ஸ் 2021-ல் ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடியது மொத்தம் இரண்டு ஸ்னாப், இரண்டிலும் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்தார், சீசன் முடிந்ததும் டெக்சஸுக்குக் கிளம்பினார். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஜார்ஜியாவில் ஒரே வருஷம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. முதல் வருஷ உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டாலர். அதில் பெரிய பங்கு வாங்குகிறவனைப் பெஞ்சில் வைத்திருப்பதைப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை வாரம் பொறுப்பார்கள்? "ஒரு வருஷம் உட்காரட்டும்" என்பது இனி கோச் ஒருவரே எடுக்கிற முடிவு கிடையாது.

ஆக உங்கள் அணிக்கு என் கணிப்பு: லைன் திரும்பியிருந்தால் எட்டிலிருந்து ஒன்பது வெற்றி. 12 அணி பிளேஆஃபுக்குப் பெரிய கான்ஃபரன்ஸ் அணிக்கு வழக்கமாக 10-2 வேண்டும். இரண்டு ஆட்டம் இவனால் ஜெயிப்பீர்கள், ஒன்றோ இரண்டோ இவனால் தோற்பீர்கள். தோற்பது பெரும்பாலும் அக்டோபருக்குள்.

இன்னொன்று. ஆகஸ்டில் டெப்த் சார்ட் (ஒவ்வொரு இடத்துக்கும் யார் முதல், யார் அடுத்து என்ற பட்டியல்) வரும்போது இரண்டாவது பெயர் யாருடையது என்று பாருங்கள். லாரன்ஸை முதல் குவார்ட்டர்பேக்காக அறிவித்ததுமே பிரையன்ட் நான்கு ஆட்ட விதியைப் பயன்படுத்திக்கொண்டு அணியை விட்டு விலகினார். அந்த வார இறுதியிலேயே சிராக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் இரண்டாவது குவார்ட்டரில் அடிபட்டு வெளியேறினார். மிச்சமிருந்தவர் சேஸ் பிரைஸ், அதிகம் ஆடியிராத ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மன். நான்காவது குவார்ட்டரில் மூன்று புள்ளி பின்தங்கி, சொந்தக் கோட்டிலிருந்து ஆறாவது யார்டில் பந்து. நான்காவது டவுன், ஆறு யார்டு பாக்கி என்ற நிலையில் டீ ஹிகின்ஸுக்கு 20 யார்டு எறிந்தார், அடுத்த ஸ்னாப்பில் தானே ஓடினார். 94 யார்டு போய், 41 விநாடி மிச்சமிருக்க எட்டியன் உள்ளே நுழைந்தார். 27-23. கிளெம்சனின் அந்த 15-0 சீசனில் இந்த ஆட்டமும் ஒன்று.